சாட்சி சொன்னவருக்கு இரண்டு கரண்டி சீனி

நாம் எல்லாரும் மாத்திரை டப்பா வைத்துக்கொள்ளும் வயதுக்கு வந்துவிட்டோம். ஞாயிறு பள்ளியில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்களை இப்போது எங்கேயாவது பார்த்தால், பிள்ளைகளைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால், "வெறும் வயித்துல எவ்வளவு, சாப்பிட்ட பெறகு எவ்வளவு?" என்றுதான் கேட்டுக்கொள்கிறோம். நம் கோயிலில் மாதத்தில் ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் விரலில் ஒரு குத்து, ஒரு சொட்டு ரத்தம். ஐந்து எண்ணுவதற்குள் நம்பர் வந்துவிடுகிறது. போன மாதம் அந்த வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவள், "இதையெல்லாம் நம்ம கோயில்ல யாருட்டி மொதல்ல ஆரம்பிச்சா?" என்று கேட்டாள். அவளும் அப்போது இருந்தவள்தான். மறந்துவிட்டாள். எனக்கு நின்ற இடத்தில் பேச வராது என்பது உங்களுக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு ஒன்பது வயது. மேலகரத்தில் இருந்தோம். எங்கள் பக்கத்தில் தேவாலயத்தைக் கோயில் என்றும், போதகரை ஐயர் என்றும், அவர் மனைவியை ஐயரம்மா என்றும்தான் சொல்வோம். அந்த வருடம் மாற்றலாகி வந்த ஐயரம்மா கல்யாணத்துக்கு முன்னால் நர்சாக இருந்தவர். ஒல்லியாக, வேகமாக நடப்பார். வந்த இரண்டாவது வாரமே, ஆராதனை முடிந்ததும் யாரும் ஓடிவிடக் கூடாது, ஞாயிறு பள்ளி ஹாலில் எல்லாருக்கும் பிரஷரும் சர்க்கரையும் பார்க்கப் போகிறேன் என்று அறிவிப்புக் கொடுக்கச் சொல்லிவிட்டார். ஐயர் அதற்கு 'ஆரோக்கிய ஊழியம்' என்று பெயர் வைத்தார். கோயில் வாசலுக்கு எதிரே கடை போட்டிருந்த தையற்கார அண்ணாச்சி, "ஐயரு வசனத்தால குத்துவாரு, ஐயரம்மா ஊசியால குத்துவாங்க" என்றார். அன்றிலிருந்து அதற்கு ஊசி ஊழியம் என்று பெயர் விழுந்துவிட்டது. உண்மையில் அப்போது ஊசியே கிடையாது. ரத்தத்தில் சர்க்கரை பார்க்க வேண்டுமென்றால் தென்காசிக்குப் போக வேண்டும். ஐயரம்மா பார்த்தது சிறுநீரில்.

அதை நீங்களும் பார்த்திருப்பீர்கள், ஞாபகப்படுத்திப் பாருங்கள். நீல நிறத்தில் ஒரு மருந்துத் தண்ணீர். அதைக் கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ஊற்றி, நாம் கொண்டுபோன சிறுநீரில் எட்டுச் சொட்டு விட்டு, மரக் கவ்வியால் பிடித்து ஸ்பிரிட் விளக்கில் காட்டுவார். கொதித்து அடங்கியதும் நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம். மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறிக்கொண்டே போய்ச் செங்கல் நிறம் வந்தால் ரொம்ப அதிகம். பிள்ளைகளுக்கு அது திருவிழா மாதிரி. யார் வீட்டுக் குழாய் என்ன நிறம் வரும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம். ஸ்பிரிட்டின் அந்த இனிப்பான வாடையும், விளக்கின் நிறமே இல்லாத தீயும் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அந்த விளக்கை இப்போது நம் கோயிலில் தேடினால் கிடைக்காது.

இனி அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா குற்றாலத்தில் பேரருவிக்குப் பக்கத்தில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர். சீசன் மாதங்கள்தான் எங்களுக்கு அறுவடை. சாரல் விழ ஆரம்பித்தால் விடிவதற்குள் சைக்கிளில் கிளம்பிவிடுவார். அவர் திரும்பி வரும்போது வீடு முழுக்க நல்லெண்ணெயும் சீயக்காயும் ஈரத் துண்டும் கலந்து மணக்கும். சில நாள் அடிபட்ட மங்குஸ்தான் பழங்களைத் துண்டில் முடிந்துகொண்டு வருவார். நாள் முழுக்க எண்ணெயும் தண்ணீரும் வழுக்கும் பாறையில் செருப்பில்லாமல் நிற்கிற வேலை.

அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பது அதற்கு முந்தின வருடமே தெரிந்துவிட்டது. தென்காசி டாக்டர் மாத்திரை கொடுத்திருந்தார். ஆனால் ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் கோயிலில் மூன்று நாள் உபவாச ஜெபம் நடந்தபோது அப்பா பச்சைத் தண்ணீர் தவிர வேறு எதையும் தொடாமல் இருந்தார். மறுநாள் காலையில் டாக்டரிடம் போய்ப் பரிசோதித்தபோது சர்க்கரை இல்லை என்று வந்தது. டாக்டர் மாத்திரையை விடாதீர்கள் என்று சொல்லியிருக்கிறார். அப்பா காதில் அது விழவில்லை. ஈஸ்டர் அன்று எல்லார் முன்னாலும் எழுந்து நின்று, கர்த்தர் எனக்குச் சுகம் கொடுத்தார், மாத்திரைகளை விட்டுவிட்டேன் என்று சாட்சி சொன்னார். கோயிலே ஸ்தோத்திரம் சொன்னது. அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகுதான் சீனி விஷயம் ஆரம்பித்தது. எந்த வீட்டுக்கு ஜெபத்துக்குப் போனாலும் அப்பாவுக்குக் கொடுக்கும் காப்பியில் ஒரு கரண்டிக்கு இரண்டு கரண்டியாகச் சீனி போடுவார்கள். "சாட்சி சொன்னவருக்கு நல்லா போடுங்க" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார்கள். அது மரியாதை. வேண்டாம் என்றால் கர்த்தர் கொடுத்த சுகத்தைச் சந்தேகப்பட்ட மாதிரி. அப்பா ஒரு மடக்கு விடாமல் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைப்பார். ஒருநாள் தையற்கார அண்ணாச்சி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒம்ம சாட்சியக் கேட்டுத்தான்வே நானும் மாத்திரைய நிப்பாட்டிட்டேன். ஒமக்குச் செஞ்சவரு எனக்குச் செய்யமாட்டாரா?" என்றார். அவருக்கும் சர்க்கரைதான். அப்பா சிரித்த மாதிரி வாயை வைத்துக்கொண்டார்.

ஏனென்றால் அப்பாவுக்கு அதற்குள் தெரிந்துவிட்டது. எனக்கும் தெரியும். எங்கள் வீட்டுக்குப் பின்னால் வேலியோரம் அப்பா ஒதுங்கும் இடத்தில் மட்டும் எறும்பு மொய்த்தது. ஒருநாள் நான் அதைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது அப்பா வந்துவிட்டார். ஒரு வாளித் தண்ணீரை அதன்மேல் ஊற்றிவிட்டுப் போனார்.

ஊசி ஊழியத்தின் முதல் ஞாயிறு வந்தது. சாட்சி சொன்ன அப்பாதான் முதலில் பரிசோதிக்க வேண்டும், சபையாருக்கு விசுவாசம் பெருகும் என்று ஐயரே சொல்லிவிட்டார். அன்று காலை அப்பா என்னை வேலியோரம் கூப்பிட்டார். கையில் ஒரு சின்ன மருந்துப் பாட்டில். என் முகத்தைப் பார்க்காமல் முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"ஏட்டி, இதுல கொஞ்சம் பிடிச்சுக் குடு."

"எனக்குமா டெஸ்ட்டு?"

"ஆமா. இல்ல... அப்பாவுக்குத்தான். அப்பாவுக்கு இப்ப வரல. அம்மாட்ட சொல்லாத, என்ன?"

நான் பிடித்துக் கொடுத்தேன். அப்பா அதில் தன் பெயர் எழுதிய சீட்டை ஒட்டினார். ஹாலில் அந்தக் குழாய் கொதித்து அடங்கி நீலமாகவே நின்றது. அருவிக்கு மேலே மேகம் விலகினால் தெரியுமே, அந்த நீலம். ஐயர் அதைக் கையில் வாங்கி உயர்த்திக் காட்டினார். எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது. என்னுடைய நீலத்தை அப்பாவுக்குக் கொடுத்துவிட்டேன், இனி அப்பாவுக்குச் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஒன்பது வயதுக்கு அவ்வளவுதான் புத்தி.

ஆடி மாதம் சீசன் உச்சத்தில் இருந்தது. கூட்டம் தாங்கவில்லை. யாரோ ஒருவர் பாறையில் கண்ணாடிப் பாட்டிலைப் போட்டு உடைக்க, அப்பாவின் வலது காலில் சுண்டுவிரலுக்கு அடியில் ஒரு சில்லு ஏறிவிட்டது. அப்பாவுக்கு அது தெரியவே இல்லை. சாயங்காலம் சைக்கிளை நிறுத்தும்போது பெடலில் ரத்தத்தைப் பார்த்து அம்மாதான் சொன்னாள். "வலிக்கலயா?" என்று அம்மா கேட்டதற்கு, "இல்லயே" என்று அப்பா சந்தோஷமாகச் சொன்னார். வலிக்காதது நல்லது என்று நாங்கள் எல்லாருமே நினைத்தோம். சர்க்கரை காலை மரத்துப்போக வைத்திருந்தது என்று பிறகுதான் தெரிந்தது.

அம்மா மஞ்சளும் வேப்பெண்ணெயும் காய்ச்சிப் போட்டாள். அப்பா துணியைச் சுற்றிக்கொண்டு மறுநாளே தண்ணீரில் போய் நின்றார். ஒரு வாரம் போனது. இரண்டு வாரம் போனது. காயம் மூடவில்லை. விரல் கறுத்துக்கொண்டு வந்தது. எண்ணெய் மணத்துக்கும் சீயக்காய் மணத்துக்கும் அடியில் வேறொரு வாடை வீட்டுக்குள் வர ஆரம்பித்தது. அம்மா ஆஸ்பத்திரி என்றாலே அப்பா, "போனா மொதல்ல சர்க்கரை இருக்கான்னுதான் பாப்பான். பெறகு நான் கோயிலுக்குள்ள எப்படி நொழைய?" என்பார். அம்மா அடுப்படியில் போய் ஜெபம் பண்ணுவாள்.

அடுத்த பரிசோதனை ஞாயிறு வந்தது. அன்று அப்பா கோயிலுக்கு வரவில்லை. ஜலதோஷம் என்று சொல்லச் சொல்லி, என்னிடம் மறுபடியும் பாட்டிலை நிரப்ப வைத்து, சீட்டையும் ஒட்டி, "நீயே கொண்டுபோய் வச்சிரு" என்று அனுப்பினார். அம்மாவுக்கு அன்று கோயிலில் திருவிருந்துப் பாத்திரங்கள் கழுவும் முறை. அதனால் நான் தனியாகத்தான் ஹாலுக்குப் போனேன்.

மேசையில் எங்கள் பாட்டிலுக்கு முன்னால் தையற்கார அண்ணாச்சியின் பாட்டில் இருந்தது. போன முறை எனக்கு எதற்கு என்று வராதவர், இந்த முறை சந்தோஷமாக வந்திருந்தார். ஐயரம்மா அவருடைய குழாயை விளக்கில் காட்டினார். பச்சையாகி, மஞ்சளாகி, நிற்காமல் போய்ச் செங்கல் நிறத்தில் வந்து கட்டியாக நின்றது.

"அண்ணாச்சி, இன்னைக்கே மாத்திரைய ஆரம்பிக்கணும்" என்றார் ஐயரம்மா.

அவர் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "இல்ல ஐயரம்மா. எனக்கு விசுவாசம் பத்தல. அவருக்கு மட்டும் நீலமா வந்துச்சே. அவரு மூணு நாளு இருந்தாரு. நான் ஏழு நாளு உபவாசம் இருக்கப் போறேன். நாளைக்கே ஆரம்பிச்சிருதேன்."

பக்கத்தில் நின்ற ஒருவர், "பாருங்க, அவரு பாட்டில் வந்திருக்கு. அதையும் காட்டுங்க, எல்லாரும் பாக்கட்டும்" என்றார்.

ஐயரம்மா அப்பா பெயர் ஒட்டிய பாட்டிலை எடுத்தார். எட்டுச் சொட்டு விட்டார். குழாய் கொதித்தது. அடங்கியது. நீலம். தையற்கார அண்ணாச்சி அதைப் பார்த்துத் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அழுகிறாரோ என்று எனக்குப் பயமாகிவிட்டது. பெரிய ஆம்பிளை அழுது நான் அதுவரை பார்த்ததில்லை.

நான் எப்படிப்பட்ட பிள்ளை என்று உங்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டால்கூடப் பக்கத்தில் இருக்கிறவள்தான் எனக்காக 'உள்ளேன் ஐயா' சொல்வாள். அவள் வராத நாளெல்லாம் நானும் வராத மாதிரிதான் ரிஜிஸ்தரில் இருக்கும். அன்று எப்படி அந்த மேசையைச் சுற்றிக்கொண்டு ஐயரம்மா பக்கத்தில் போனேன் என்று இன்றுவரை தெரியவில்லை. அவர் சேலையைப் பிடித்து இழுத்தேன். அவர் குனிந்தார்.

"அது என்னுது" என்று அவர் காதில் சொன்னேன்.

"என்ன?"

"அது என்னுது. அப்பாவுது இல்ல. அப்பா காலு நாறுது."

ஐயரம்மா என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு விளக்கின்மேல் மூடியைக் கவிழ்த்து அணைத்தார். நோட்டில் அப்பா பெயருக்கு நேரே ஒன்றும் எழுதவில்லை. "சரி, இன்னைக்கு ஸ்பிரிட் தீந்துட்டு, மிச்சப்பேரு அடுத்த வாரம் வாங்க" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். என்னிடம் மெதுவாக, "நீ போய் வெளையாடு" என்றார். நான் விளையாடவில்லை. வீட்டுக்கும் போகவில்லை. அம்மா பாத்திரம் கழுவி முடிக்கும்வரை கோயில் கிணற்றுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அப்பாவைக் காட்டிக் கொடுத்துவிட்டேன் என்று நினைத்து நினைத்துக் கிணற்றுக்குள் கல்லாகப் போட்டுக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் சாப்பாட்டு வேளை தாண்டி, நல்ல சாரலில் ஐயரம்மா குடையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா கட்டிலில் கால்மேல் போர்வையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஐயரம்மா காப்பி வேண்டாம் என்றார், நாற்காலி வேண்டாம் என்றார். நேராகக் கட்டிலின் கால்மாட்டில் தரையில் உட்கார்ந்தார்.

"அண்ணே, காலக் காட்டுங்க."

அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. "எந்தக் காலு? ஒண்ணுமில்லயே. ஒங்களுக்கு யாரு சொன்னா?"

"சொல்ல வேண்டியவங்க சொல்லிட்டாங்க. காலக் காட்டுங்க. அந்தப் பாட்டில்ல இருந்தது ஒங்களுதில்லன்னும் தெரியும்."

நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். அப்பா என் பக்கம் திரும்புவார் என்று காத்திருந்தேன். அவர் திரும்பவில்லை. ஓட்டுக்கூரையை அண்ணாந்து பார்த்தார். கண்ணிலிருந்து தண்ணீர் கோடாக இறங்கியது. "ஆண்டவரே" என்றார். பிறகு தானாகவே போர்வையை விலக்கினார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். ஐயரம்மா முகத்தைச் சுளிக்கவில்லை. துணியைப் பிரித்து, காலைத் தன் மடியில் எடுத்து வைத்துப் பார்த்தார்.

"இப்பவே தென்காசிக்குப் போகணும் அண்ணே."

"நான் சாட்சி சொன்னவன் ஐயரம்மா. இப்பப் போனா கர்த்தர் பொய்யராயிருவாரே."

"அந்த மூணு நாளும் என்ன சாப்பிட்டீங்க?"

"என்னத்தச் சாப்பிட்டேன், பச்சத் தண்ணிதான்."

"சாப்பிடாம இருந்தா சர்க்கரை கொறையத்தான் செய்யும். திரும்பச் சாப்பிட்டா ஏறிரும். நீங்க ஒண்ணும் பொய் சொல்லல, தெரியாமச் சொன்னீங்க. அவ்வளவுதான்."

"அப்ப அது சுகமில்லயா?"

"இல்லண்ணே."

அப்பா மடியிலிருந்த தன் காலைப் பார்த்தார். ஐயரம்மா சொன்னார், "தையக்கார அண்ணாச்சிக்கு இன்னைக்குச் செங்கல் நெறம். ஒங்களுக்கு நீலம் வந்துச்சேன்னு நாளைலருந்து ஏழு நாள் பட்டினி இருக்கப் போறாராம். மாத்திரையும் போடமாட்டாராம்."

அப்பா சட்டென்று நிமிர்ந்தார். "ஏழு நாளா? அந்த மனுசன் செத்துப் போயிருவானே!" என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "ஏளா, என் சட்டைய எடு. ஒரு வாடகைக் காரப் பிடிச்சு, போற வழியில அவரு வீட்டுல நிப்பாட்டச் சொல்லு. மொதல்ல அவருட்ட சொல்லிட்டுத்தான் ஆஸ்பத்திரி."

அப்படித்தான் நடந்தது. வாடகைக் காரைத் தையற்கார அண்ணாச்சி வீட்டு முன்னால் நிறுத்தி, அப்பா இறங்க முடியாமல் சன்னல் வழியாகவே அவரைக் கூப்பிட்டு, காலைத் தூக்கிக் காட்டினார். அண்ணாச்சி மழையில் நின்றுகொண்டு அந்தக் காலையே பார்த்தார். பிறகு வீட்டுக்குள் ஓடிப்போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, முன் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துகொண்டார். "நானும் வாரேன்வே. எனக்கும் பாக்கட்டும்" என்றார்.

சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் முழங்கால்வரை போயிருக்கும் என்று டாக்டர் அம்மாவிடம் சொன்னார். அந்த சீசன் எங்களுக்கு அத்தோடு முடிந்தது. ஆனால் கால் தப்பியது.

ஆவணி பிறந்த பிறகு அப்பா கட்டோடு, கம்பு ஊன்றிக்கொண்டு கோயிலுக்கு வந்தார். சாட்சி நேரத்தில் எழுந்து நின்றார்.

"ஈஸ்டர் அன்னைக்கு நான் சொன்னது தப்பு. எனக்கு சர்க்கரை போகல. போன மாதிரி தெரிஞ்சிது. பெறகு இருக்குன்னு தெரிஞ்சும் வெளிய சொல்ல வெக்கப்பட்டு மறைச்சேன். டெஸ்ட்டுக்கு வேற ஆளு பாட்டிலக் குடுத்தேன். விரல் போயிட்டு. என்ன நம்பி யாராவது மாத்திரைய விட்டிருந்தா, தயவு செஞ்சு இன்னைக்கே எடுத்துப் போடுங்க."

ஒருவரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. அப்போது ஆம்பிளைகள் பக்கத்திலிருந்து தையற்கார அண்ணாச்சியின் குரல் கேட்டது. "இத ரெண்டு மாசத்துக்கு முந்திச் சொல்லப்படாதாவே? மாத்திரையப் பூராத்தையும் வாய்க்கால்ல போட்டுட்டேன். எந்த மீனுக்குச் சுகம் கெடச்சுதோ!" கோயிலே சிரித்துவிட்டது. அப்பாவும் சிரித்தார். ஐயர் பீடத்திலிருந்து இறங்கி வந்தார். "எனக்கும் பிரஷர் இருக்கு. ஐயரம்மா சொல்லிச் சொல்லிப் பாத்தாங்க, நான்தான் கேக்கல. இன்னைக்கு வரிசையில மொதல் ஆளு நான்" என்றார். அன்று ஹாலில் வரிசை வாசலைத் தாண்டி வேப்பமரம்வரை நின்றது. அதுவரை மறைத்து வைத்திருந்தவர்கள் எத்தனை பேர் என்று அன்றுதான் தெரிந்தது. அதற்குப் பிறகு யாரும் அதை ஊசி ஊழியம் என்று சொல்லவில்லை.

ஆனால் சாட்சியில் அப்பா கடைசியாகச் சொன்னதை நான் இன்னும் எழுதவில்லை. உட்காருவதற்கு முன்னால் அவர் சொன்னார்: "நான் பாட்டில மாத்துனது எனக்கும் என் மகளுக்கும் மட்டும்தான் தெரியும். அவ வாயத் தொறக்காத பிள்ள. அத ஆவியானவரு ஐயரம்மாவுக்கு வெளிப்படுத்தினாரு. என் காலக் காப்பாத்துனது அவருதான்." ஐயரம்மா பெண்கள் பக்கத்தில் முன் வரிசையில் இருந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. தலையில் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டார்.

வீட்டுக்குத் திரும்பும்போது அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார். "பாத்தியாட்டி, நம்ம ரெண்டு பேருக்கு மட்டும் தெரிஞ்சத அவரு எப்படி வெளிய கொண்டுவந்தாருன்னு" என்றார்.

"ஆமாப்பா" என்றேன்.

ஐயரம்மா மூன்று வருடத்தில் மாற்றலாகிப் போய்விட்டார். கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அப்பா அதன் பிறகு முப்பது வருடத்துக்கு மேல் இருந்தார், இரண்டு கால்களாலும் நடந்து. அந்தச் சாட்சியைக் கேட்கிறவர்களிடமெல்லாம் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் நான் பக்கத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அப்பாவிடம் பொய்யாக ஆமாம் சொல்லிவிட்டேனே என்று ரொம்ப காலம் உறுத்தியது. பெயர் கூப்பிட்டால் பதில் சொல்லத் தெரியாத ஒரு பிள்ளையை அன்று அந்த மேசையைச் சுற்றி நடக்க வைத்தது எது என்று யோசிக்கும் வயது வந்த பிறகு, அந்த ஆமாம் எனக்குப் பொய்யாகத் தோன்றவில்லை; அந்த உறுத்தலும் இல்லை.